கெளுத்தியைத் தேடி மித்திக் கரையோரம்

தாராவியில் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் என் பெரியம்மா வீடு இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் பிறந்து, கல்யாணமாகி மும்பைக்கு வந்தவர். ஊரிலிருந்து யார் போனாலும் சாப்பாடு போடுவதற்கு முன்பே ஆற்றைப் பற்றித்தான் விசாரிப்பார். இந்த முறை நான் போனதும் தண்ணீர் சம்பந்தமான ஒரு காரியத்துக்காகத்தான். பொவாய் ஏரியில் மேடை மேல் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்களோடு ஒரு காலைப் பொழுதைக் கழிக்க வேண்டும். அவர்கள் கெளுத்தி பிடிப்பதைப் பார்க்க வேண்டும். பிறகு அந்த ஏரியின் உபரி நீர் போகும் வழியிலேயே மித்தி ஆற்றை ஒட்டி வந்து தாராவியில் முடிக்க வேண்டும்.

பெரியம்மா மகளின் கணவர், எனக்கு அத்தான், இதைக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். அவரோடு செம்பூரில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர் பல வருடங்களாகப் பொவாயில் தூண்டில் போடுகிறவராம். "அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டேன் மாப்ளே. ஞாயித்துக்கெழம விடியறதுக்கு முந்தி வந்துரணும்னு சொன்னாரு. லேட்டா வந்தா மீனும் இருக்காது, அண்ணாச்சியும் பேச மாட்டாரு" என்றார்.

அக்டோபர் மாதம். மழை விட்டு, மும்பையில் இரண்டாவது கோடை தொடங்கும் நேரம். சயான் நிலையத்தில் கல்யாண் பக்கம் போகும் ஸ்லோ லோக்கலில் ஏறினோம். குர்லா, வித்யாவிஹார், காட்கோபர், விக்ரோலி தாண்டிக் காஞ்சூர்மார்க்கில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஐஐடி வளாகத்தின் நீண்ட சுவரைக் கடந்ததும், இடது பக்கம் அடுக்குமாடிகளின் விளக்குகளும் வலது பக்கம் ஒரு பெரிய இருட்டும் தெரிந்தன. அந்த இருட்டுதான் ஏரி.

பொவாய் இயற்கையாக அமைந்த ஏரி அல்ல. மும்பை தாகத்தில் தவித்த 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரசு வடக்கே இருந்த குன்றுகளுக்கு இடையில் வரிசையாக அணைகளைக் கட்டியது. 1860-இல் விஹார், 1879-இல் துளசி, 1891-இல் பொவாய். மித்தியின் கிளை ஓடை ஒன்றை மறித்துப் பொவாயைக் கட்டினார்கள். பார்சி வணிகர் ஃபிராம்ஜி காவஸ்ஜியின் எஸ்டேட்டாக இருந்த பள்ளத்தாக்கு அது. விஹாரும் துளசியும் இன்றும் நகரத்துக்குக் குடிநீர் தருகின்றன. பொவாய்த் தண்ணீர் மட்டும் குடிக்க லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டது. 545 கோடி லிட்டர் கொள்ளும் ஏரி இப்போது தொழிற்சாலைகளுக்கும், ஆரே பால் குடியிருப்பில் குடிநீர் அல்லாத தேவைகளுக்கும் தண்ணீர் தருகிறது.

குடிநீர் ஏரி என்ற தகுதி போனபின் இந்த ஏரியை யார் பார்த்துக்கொள்வது? மாநகராட்சிக்குச் சொந்தமான ஏரிதான். ஆனால் அன்றாடம் அதன் முகத்தைப் பார்த்து வந்தவர்கள் தூண்டில்காரர்கள். மகாராஷ்டிர மாநிலத் தூண்டில் சங்கம் பல பத்தாண்டுகளாக இங்கே இருக்கிறது. மீன் குஞ்சு விடுவது, வலை போட்டுத் திருடுகிறவர்களைக் கண்காணிப்பது, ஆகாயத்தாமரை பெருகினால் குரல் கொடுப்பது, மீன் செத்து மிதந்தால் அதிகாரிகளிடம் முறையிடுவது என்று அதன் உறுப்பினர்கள் பல வேலைகளைச் செய்து வருகிறார்கள்.

அண்ணாச்சி எங்களுக்கு முன்பே வந்து மேடையில் இடம் பிடித்திருந்தார். கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளும் பலகை மேடை. நான் ஆர்வத்தில் வேகமாக நடந்து போனேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "தம்பி, செருப்பக் கழட்டிட்டு மெதுவா வாங்க. கெளுத்திக்குக் காது ரொம்ப கூர்மை."

அவர் சொன்னது அறிவியலும் ஒப்புக்கொள்ளும் உண்மை. கெளுத்தி இனத்து மீன்களுக்கு உடலுக்குள் இருக்கும் காற்றுப்பையையும் உட்காதையும் இணைக்கச் சின்னச் சின்ன எலும்புகள் வரிசையாக இருக்கின்றன. தண்ணீரில் வரும் அதிர்வைக் காற்றுப்பை வாங்கிக்கொள்ள, எலும்புகள் அதைக் காதுக்குக் கடத்துகின்றன. பலகையில் ஒரு குதிகால் அழுந்தினாலும் அடியில் கிடக்கிற மீனுக்குச் செய்தி போய்விடும். கலங்கிய தண்ணீரில் கண்ணால் பயன் குறைவு. அதனால் காதும் மீசையும்தான் அதற்கு வழிகாட்டி. வாயைச் சுற்றியிருக்கும் நான்கு ஜோடி மீசைகளில் மட்டுமல்லாமல் தோலெங்கும் சுவையறியும் மொட்டுகள் உண்டு. சேற்றைத் தடவிக்கொண்டே இரையின் ருசியை அறிந்துகொள்கிற மீன் அது.

அதனால்தான் அண்ணாச்சி இரை விஷயத்தில் கறாராக இருந்தார். ரோகு, கட்லாவுக்குப் பிசைந்த மாவு. கெளுத்திக்கு மண்புழு, இறால், கோழி ஈரல். சோப்புப் போட்டுக் கழுவிய கையால் இரையைத் தொடக் கூடாது, சிகரெட் பிடித்த கையால் தொடவே கூடாது என்றார். ஏரி மண்ணை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் முள்ளில் புழுவைக் கோத்தார். தங்கூசியில் ஈயக்குண்டைக் கீழே விட்டு, இரை சரியாகத் தரையைத் தொடுகிற மாதிரி தக்கையின் உயரத்தை வைத்தார். கெளுத்தி மேயும் இடம் அடித்தரை. அங்கிருந்து ஒரு முழம் மேலே தொங்குகிற புழுவை அது சீண்டாமலே போய்விடுமாம்.

விடியத் தொடங்கியது. எதிர்க்கரையில் குன்றுகளின் கோடு தெரிந்தது. ஆகாயத்தாமரைத் திட்டுகளுக்கு நடுவே ஒரு கட்டை கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கட்டை நகர்ந்தது. பொவாயில் சதுப்பு முதலைகள் இருக்கின்றன என்று படித்திருந்தேன். கோடிக்கணக்கில் விலை போகிற வீடுகளுக்கு எதிரே, பட்டியலிட்டுப் பாதுகாக்கப்படும் ஒரு விலங்கு வெயில் காய வருகிறது. முதலைக்கும் முதலில் வேண்டியது மீன்தான் என்றார் அண்ணாச்சி.

தக்கை அசையவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் மராத்தியில் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வங்கி அதிகாரி, ஒருவர் ரயில்வேக்காரர், ஒருவர் மருத்துவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோருக்கும் ஒரே கவனம். திடீரென்று அண்ணாச்சியின் தக்கை ஆடாமல் அசங்காமல் ஒரே முங்காக முங்கியது.

"ரோகுன்னா கொத்திக் கொத்திப் பாக்கும். கெளுத்தி அப்படியில்ல. வாயில வாங்கிக்கிட்டு நடையக் கட்டிரும்" என்று சொல்லிக்கொண்டே கோலை மேலே சுண்டினார். ரீல் கரகரவென்று அவிழ்ந்தது. அவர் அவசரப்படவில்லை. மீன் இழுக்கும்போது விட்டார், அது ஓயும்போது சுற்றினார். மேடையின் தூணைச் சுற்றிக்கொள்ள அது மூன்று தடவை முயன்றது. ஒவ்வொரு தடவையும் கோலைச் சாய்த்துத் திசை திருப்பினார். கடைசியில் அத்தான் கைவலையைத் தண்ணீருக்குள் இறக்கி ஏந்தி எடுத்தார்.

முக்கால் கிலோ இருக்கும். செதிலே இல்லாத வழவழப்பான சாம்பல் உடம்பு, வெள்ளி வயிறு, வால் பக்கம் முதுகில் சதைப்பற்றான ஒரு சிறு துடுப்பு. மீசைகள் நாலா பக்கமும் துழாவின. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்கள் விறைத்து நின்றன. இந்த முட்களைக் கெளுத்தி நிமிர்த்திப் பூட்டிக்கொண்டால் மடக்க முடியாது. கொக்கோ நாரையோ விழுங்க வந்தால் தொண்டையில் சிக்கும். கையில் குத்தினால் முள்ளின் மேல்தோலில் உள்ள விஷத்தால் கை முழுக்கக் கடுக்கும். அண்ணாச்சி முதலில் கையைத் தண்ணீரில் நனைத்தார். வறண்ட கையால் பிடித்தால் மீனின் வழுவழுப்பு உரிந்துபோய் அதற்குப் புண் வருமாம். பிறகு பக்க முட்களுக்குப் பின்னால் விரல்கள் போகும்படி, வயிற்றுப் பக்கமாக ஏந்திப் பிடித்தார். மீன் 'க்ரக் க்ரக்' என்று சத்தம் போட்டது. பக்க முள்ளின் அடிப்பகுதியைத் தோள் எலும்பில் உரசி அது எழுப்பும் சத்தம். குறடால் முள்ளைத் திருகி எடுத்து, மீனைத் தண்ணீருக்குள் தாழ்த்திப் பிடித்தார். செவுள் நாலைந்து தடவை திறந்து மூடியதும் கையை விலக்கினார். போய்விட்டது.

"நாட்டுக் கெளுத்தியத் திருப்பி விட்டுருவேன். ஆப்பிரிக்காக்காரன் மாட்டினா விட மாட்டேன். அவன் இந்த ஏரிக்கு ஆகாதவன்" என்றார்.

அவர் சொன்ன ஆப்பிரிக்கக் கெளுத்தியின் கதை இந்தியா முழுவதற்கும் பொருந்தும். வடக்கே 'தாய் மாங்கூர்' என்று விற்கப்படும் இந்த மீன் 1990-களின் தொடக்கத்தில் வங்கதேசம் வழியாகத் திருட்டுத்தனமாக இந்தியாவுக்குள் வந்தது. ஒரு மீட்டருக்கு மேல் வளரும். செவுளுக்கு மேல் கிளை கிளையாக இருக்கும் தனி உறுப்பால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். அதனால் சாக்கடைத் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும், ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்கும் போய்விடும். மற்ற மீன்களின் குஞ்சு, தவளை, இறைச்சிக் கழிவு, எதுவானாலும் தின்னும். கழிவைப் போட்டே குறைந்த செலவில் வளர்க்கலாம் என்பதால் பண்ணைக்காரர்கள் விரும்பினார்கள். மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் தடை விதித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் மறுபடியும் கண்டிப்புக் காட்டியது. மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் மீன்வளத் துறையினர் பண்ணைகளை அழித்திருக்கிறார்கள். ஆனாலும் நாட்டு மீன் என்ற பெயரில் சந்தைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. வெள்ளத்தில் ஒரு பண்ணைக் குட்டை உடைந்தால் போதும், அந்த வட்டாரத்து ஏரிகளில் உழுவையும் அயிரையும் இருந்த இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும்.

ஓர் ஏரியில் கெளுத்தி நிறைய மாட்டுகிறதென்றால் ஏரி நன்றாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அண்ணாச்சியின் கணக்கு வேறு. தண்ணீரில் ஆக்சிஜன் குறையக் குறைய முதலில் ஒதுங்குவது மற்ற மீன்கள், கடைசிவரை தாங்குவது காற்றைச் சுவாசிக்கும் கெளுத்தி வகைகளும் விராலும். ரோகு, கட்லா, கெளுத்தி எல்லாம் கலந்து மாட்டுகிற நாள்தான் நல்ல நாள். கெளுத்தி மட்டும் மாட்டுகிற நாளில் அவர் சங்கத்தில் சொல்லி வைப்பாராம். ஏரிக்குள் தினமும் சுமார் 1.8 கோடி லிட்டர் கழிவுநீர் கலக்கிறது என்பது மாநகராட்சியே சொல்லும் கணக்கு. அதைத் திருப்பி விடவும் சுத்திகரிக்கவும் திட்டங்கள் போடப்பட்டிருக்கின்றன. கழிவுநீர் கொண்டுவரும் சத்துதான் ஆகாயத்தாமரைக்கு உரம். ஆகாயத்தாமரை மூடினால் வெயில் உள்ளே போகாது, காற்றும் கலக்காது.

ஏரியைக் காப்பாற்ற வழக்குகளும் நடந்திருக்கின்றன. கரையோரம் சைக்கிள் பாதை போட மாநகராட்சி வேலையைத் தொடங்கியபோது சூழல் ஆர்வலர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2022 மே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வேலை சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்து, கொட்டிய மண்ணையும் கல்லையும் அகற்றச் சொன்னது. ஏரியைத் தினமும் பார்க்கிறவர்களும், சட்டம் தெரிந்தவர்களும், பத்திரிகைக்குப் பேசத் தெரிந்தவர்களும் அந்தக் கரையில் இருந்தார்கள். அது ஏரிக்குக் கிடைத்த பாக்கியம்.

வெயில் ஏறியதும் அண்ணாச்சியிடம் விடைபெற்றோம். "கீழ வரைக்கும் போய்ப் பாருங்க தம்பி. இதே தண்ணிதான் ஒங்க பெரியம்மா வீட்டுப் பக்கம் போவுது" என்றார்.

மித்தி ஆறு விஹார் ஏரியின் வழிந்தோடும் நீரில் பிறந்து, சற்று தூரத்தில் பொவாயின் உபரி நீரைச் சேர்த்துக்கொள்கிறது. மொத்த நீளமே 18 கிலோமீட்டருக்குள்தான். சாகி நாகாவில் ஒரு பாலத்தின் மேல் நின்று பார்த்தோம். காலையில் மேடையிலிருந்து பார்த்த தண்ணீரின் அடையாளம் எதுவும் இல்லை. கறுப்பாக, கனமாக, பிளாஸ்டிக் பைகளைச் சுமந்துகொண்டு ஊர்ந்தது. இரு பக்கமும் பட்டறைகள், பழைய எண்ணெய் டின் கழுவுமிடங்கள், பழைய இரும்புக் கடைகள். விமான நிலையத்துக்காக ஆற்றை ஒடித்துத் திருப்பியிருக்கிறார்கள். ஓடுபாதைக்கு அடியிலும் அது ஓடுகிறது. அதன் பிறகு குர்லா, கலினா. அப்புறம் பாந்த்ரா-குர்லா வளாகம். அலையாத்திக் காடும் சேற்று நிலமுமாக இருந்த ஆற்றுப் படுகையைத் தூர்த்து 1970-களின் கடைசியிலிருந்து எழுப்பிய வணிக நகரம் அது. பங்குச் சந்தை, வைரச் சந்தை, வங்கித் தலைமையகங்கள், கண்ணாடிக் கட்டடங்கள் எல்லாம் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன.

ஆறு இருப்பதையே மறந்திருந்த நகரத்துக்கு 2005 ஜூலை 26 அன்று நினைவு வந்தது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. கடலில் ஏற்றம். போக இடமில்லாமல் மித்தி ஊருக்குள் ஏறியது. அத்தான் அன்று செம்பூரிலிருந்து தாராவிக்கு மார்பளவு தண்ணீரில் நடந்தே வந்தவர். பெரியம்மா வீட்டில் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிவிட்டு, பிள்ளைகளை மாடி வீட்டுக்காரர்களிடம் அனுப்பினார்களாம். அதன்பிறகுதான் ஆற்றுக்கென்று தனி ஆணையம் வந்தது, அகலப்படுத்தும் வேலையும் தூர் வாரும் வேலையும் நடந்தன.

மத்தியானம் மாட்டுங்காவில் இறங்கினோம். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இலைச் சாப்பாடு. பூக்கடையில் மல்லிகைச் சரம், வாழை இலைக் கட்டு, காப்பிப்பொடி அரைக்கும் வாசனை. மதுரையில் ஒரு தெருவுக்குள் வந்துவிட்ட உணர்வு. அங்கிருந்து தாராவி நடக்கிற தூரம்தான்.

தாராவியின் வடக்கு ஓரத்தில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. 37 ஏக்கர். நகரத்துக் குப்பையைக் கொட்டி வந்த மேட்டில் மரம் வைத்து வளர்த்து 1994-இல் திறந்தார்கள். உள்ளே நுழைந்தால் வண்ணத்துப்பூச்சி, நிழல், பறவைச் சத்தம். வேலிக்கு அப்பால் மித்தி. குப்பைமேடு காடாகும் என்பதற்குத் தாராவியே சாட்சி வைத்திருக்கிறது என்பதை நம் ஆட்கள் பலர் கவனிப்பதில்லை.

சற்றுத் தள்ளி, பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், 'காலா கில்லா' என்று மக்கள் சொல்லும் ரேவா கோட்டை. ஆளுநர் ஜான் ஹார்ன் உத்தரவில் 1737-இல் கட்டப்பட்டதாகக் கல்வெட்டு சொல்கிறது. அன்று கோட்டைச் சுவரின் காலடியில் தண்ணீர். சால்செட் தீவிலிருந்து மராத்தியர் வந்தால் இங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம். இப்போது கோட்டையிலிருந்து ஆற்றைக் காண முடியாதபடி இடையில் வீடுகள் நிறைந்துவிட்டன.

அந்தக் கோட்டை எழுவதற்கு முன்பே இங்கே குடியிருந்தவர்கள் கோலிகள். தாராவி கோலிவாடா மும்பையின் பழைய மீனவ ஊர்களில் ஒன்று. நம் ஆட்கள் அதற்கு வெகுகாலம் பிந்தி வந்தவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் சதுப்பின் ஓரத்தில் தோல் பதனிடும் தொழிலைத் தொடங்கினார்கள். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட தொழில், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட நிலம். சேற்றில் மண்ணையும் குப்பையையும் கொட்டி மேடாக்கிக் குடியேறினார்கள். அந்த உழைப்பில் எழுந்ததுதான் இன்றைய தாராவி. அதே உழைப்பில் கோலிகளின் நீர்ப்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. தோல் பட்டறைத் தண்ணீரும் ஓடைக்குத்தான் போனது. இதில் யாரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. பிழைக்க வந்தவர்களுக்கு நகரம் வேறு இடம் தரவில்லை. ஆனால் நடந்தது இதுதான் என்பதை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கோலிவாடாவில் ஒரு பெரியவர் வாசலில் உட்கார்ந்து பேசினார். அவருடைய இந்தியும் அத்தானுடைய இந்தியும் எனக்குச் சுலபமாகப் புரிந்தன. அவர் சிறுவனாக இருந்தபோது ஏற்றத்தில் வலை கட்டி வற்றத்தில் அள்ளுவார்களாம். கோலம்பி என்ற இறால், சிம்போரி என்ற சேற்று நண்டு, போய் என்ற மடவை, சேற்றில் துள்ளும் நிவ்டி, அப்புறம் சிங்காளா என்கிற கெளுத்தி. நிவ்டியைச் சேற்று வளைக்குள் கையை விட்டே பிடிப்பார்களாம். ஆற்று மீன் வீட்டுக்கு, மிச்சம் சந்தைக்கு. இப்போது கோலிவாடாப் பெண்கள் விடியற்காலையில் பாவுச்சா தக்காவுக்கும் சசூன் துறைக்கும் போய் ஏலத்தில் மீன் எடுத்து வந்து விற்கிறார்கள். தங்கள் வாசலில் ஓடும் தண்ணீரில் இருந்து ஒரு மீனும் அவர்கள் கூடைக்கு வருவதில்லை. மீனவர் சாதி இருக்கிறது, ஆவணி மாதப் பௌர்ணமியில் கடலுக்குத் தேங்காய் விடுகிற நாரளி பூர்ணிமா இருக்கிறது, மீன் இல்லை.

சாயங்காலம் சந்தையில் அக்கா மீன் வாங்கப் போனபோது நானும் போனேன். கடல் கெளுத்தி வந்திருந்தது. கோலி அம்மாள் ஒருவர் அதன் வாயைத் திறந்து காட்டினார். உள்ளே கோலிக்குண்டு அளவில் மஞ்சள் முட்டைகள். "இது ஆண்" என்றார். நான் படித்திருந்ததைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். கடல் கெளுத்தியில் பெண் முட்டையிட்டதும் ஆண் அவற்றை வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். பொரிந்து குஞ்சுகள் தாமாக நீந்தும்வரை வாரக்கணக்கில் இரை எடுக்காமல் சுமக்கும். ஒரு மீனுக்கு முட்டைகள் மிகக் குறைவாகத்தான் இருக்கும். லட்சக்கணக்கில் முட்டையிட்டு விதியிடம் விட்டுவிடும் மீன்களுக்கு நடுவே, குறைவாகப் பெற்று வாயில் வைத்துக் காப்பாற்றுகிற மீன் இது. அந்தக் குணமே அதற்கு ஆபத்தானது. 1980-களில் கர்நாடகக் கரையோரம் சுருக்குமடி வலைகளில் முட்டை சுமந்த ஆண் கெளுத்திகள் கூட்டம் கூட்டமாகச் சிக்கியதை மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு வலையில் தகப்பனும் போனான், அவன் வாயில் இருந்த தலைமுறையும் போனது. அதற்குப் பிறகு அந்தக் கடலில் கெளுத்தி வரத்து பழையபடி வரவில்லை.

மகாராஷ்டிரத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இயந்திரப் படகுகளுக்குத் தடை உண்டு. அந்தத் தடைக் காலத்தை மனதார மதிப்பவர்கள் பாரம்பரிய மீனவர்கள்தான். முட்டை சுமக்கும் மீனைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு அதன் அவசியத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரவு பெரியம்மா கெளுத்திக் குழம்பு வைத்தார். தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்து விட்டு, புளி தூக்கலாக, நெல்லைப் பக்குவம். கெளுத்தியைச் சாம்பல் போட்டு உரசி வழுவழுப்பைப் போக்குவதற்கே அரை மணி நேரம் ஆனது. மூன்று முட்களையும் முதலில் வெட்டி, காகிதத்தில் மடித்துத்தான் குப்பையில் போட்டார். குப்பை எடுக்கிறவர் கையில் குத்திவிடக் கூடாது என்பது அவருடைய கவலை.

சாப்பிடும்போது தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் வென்றதிலிருந்து தாராவியில் அதைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. யாருக்கு உள்ளே வீடு, யாருக்கு வெளியே, எத்தனை சதுர அடி என்பதே எல்லோருடைய கேள்வியும். நியாயமான கேள்விகள். ஆனால் ஆற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

பொவாயில் தூண்டில்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது. தினமும் ஏரியைப் பார்க்கிறார்கள். கெட்டால் கேட்கிறார்கள், கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. எத்தனை கழிவு கலந்தாலும் அங்கே ஏரி இன்னும் உயிரோடு இருப்பதற்கு அது ஒரு காரணம். கீழே, நூற்றாண்டுகளாக அந்தத் தண்ணீரில் பிழைத்த கோலிகளுக்கும் அதன் கரையில் குடியேறிய நமக்கும் அப்படிக் கேட்கும் உரிமை எழுத்தில் கிடைக்கவில்லை. மீன் பிடிக்கிறவர்கள் விலகியதும் ஆறு கேட்பாரற்றுப் போனது. மீன் பிடிக்கிறவர்தான் தண்ணீருக்கு முதல் காவல்காரர். அவரை அப்புறப்படுத்தும் ஊர் தன் தண்ணீரையும் இழந்துவிடும். பதினெட்டு கிலோமீட்டருக்குள் இதன் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிடலாம்.

மும்பைத் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாராவியின் வரைபடம் திருத்தப்படும் இந்தச் சமயத்தில் வீட்டைக் கேட்பதோடு மித்திக் கரையையும் கேளுங்கள். கோலிவாடாக்காரர்களோடு சேர்ந்து கேளுங்கள். கழிவுநீர் ஆற்றில் கலக்காமல் தனிக்குழாயில் போக வேண்டும், கரையில் வலையும் தூண்டிலும் போட இடம் வேண்டும், ஆற்றைக் கவனிக்கும் குழுவில் மீனவர்களுக்கு இடம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஊரில் இருக்கும் நமக்கும் வேலை இருக்கிறது. தாமிரபரணியில் சாக்கடை கலப்பதை நாமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். உங்கள் ஊர்க் குளத்தில் ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது வளர்த்தால் மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள். குளத்தில் தூண்டில் போடும் பெரியவரிடம் இந்த வருடம் என்னென்ன மீன் மாட்டியது என்று கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த வருடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். பட்டியல் குறைந்தால் அந்தத் தாளோடு ஊராட்சி அலுவலகத்துக்குப் போங்கள்.